ஒரே மாவு, இரண்டு டின்: அன்னாசி பிரெட் ஒன்று மட்டும் கசப்பது ஏன்?

மாங்கனிநகர்:

எல்லோருக்கும் வணக்கம். கொல்லிமலைக்குப் போய்வந்த மாமனார் ஒரு சாக்கு அன்னாசியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு எவ்வளவுதான் தின்பது? பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக மீதியில் பிரெட் செய்யலாம் என்று இறங்கினேன். ஈஸ்ட் போட்டுப் பிசைகிற பிரெட் இல்லை. பேக்கிங் பவுடரும் சோடாவும் போட்டுக் கலக்கி ஊற்றுவோமே, வாழைப்பழ பிரெட் மாதிரி, அது.

வாழைப்பழ பிரெட் எனக்கு நன்றாகவே வரும். அதே கணக்குதான்: மைதா, சர்க்கரை, எண்ணெய், தயிர். மாமியார் முட்டை தொடமாட்டார் என்பதால் எங்கள் வீட்டில் எப்போதும் தயிர்தான். வாழைப்பழத்துக்குப் பதிலாக அன்னாசியை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு அப்படியே சேர்த்தேன்.

எங்கள் ஓடிஜி, அதாவது மின்சார ஓவன், சின்னது, ஒரு நேரத்தில் ஒரு டின்தான் நிற்கும். இரண்டு டின்னுக்கான மாவை ஒன்றாகக் கலந்து, ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, இன்னொன்றை மேடையில் தட்டு போட்டு மூடிவைத்தேன். முதல் டின் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தது. சுமாராக எழும்பியிருந்தது, வாசனை பிரமாதம். ஆனால் வெட்டிப் பார்த்தால் அடியில் விரல் கனத்துக்கு களி மாதிரி ஒரு கோடு. மாமனார் அதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார், அவர் எதையுமே நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

அடுத்து உள்ளே போன டின்தான் என் கேள்வி. அது எழும்பவே இல்லை. நடுவில் குழி. அதுகூடப் பரவாயில்லை, வாயில் வைத்தால் கசப்பு. கருகிய கசப்பு இல்லை, வேப்பங்கொழுந்து கசப்பும் இல்லை. விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் நிற்கிற மாதிரி ஒன்று. ஒரே கிண்ணத்தில் கலந்த மாவு, ஒரே பழம், ஒரே எண்ணெய். ஒன்று நன்றாக இருக்கிறது, இன்னொன்று கசக்கிறது. இது எப்படி? பழம் இன்னும் இருக்கிறது, விட மனசில்லை.

அடுப்படி ராஜா:

சோடா கூடிப்போயிருக்கும் சகோ. சோடா அதிகமானால் கசக்கும். கால் ஸ்பூனுக்கு மேல் போகவே கூடாது. இன்னொன்று, பேசாமல் டின்னில் வரும் அன்னாசித் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள், நான் எப்போதும் அதைத்தான் போடுகிறேன், ஒருநாளும் கசந்ததில்லை.

மாங்கனிநகர்:

கால் ஸ்பூன்தான் போட்டேன். அப்புறம், சாக்கு நிறையப் பழத்தை வீட்டில் வைத்துக்கொண்டு டின்னில் வாங்கினால் மாமனார் என்னை மலைக்கே அனுப்பிவிடுவார்.

குலசேகரம் அக்கா:

ராஜா தம்பி, சோடா மேல் பழியைப் போடாதீர்கள். சோடா கூடியிருந்தால் இரண்டு டின்னும் ஒரே மாதிரி சோப்பு வாடை அடித்திருக்கும். ஒரே கிண்ணத்து மாவு என்று தங்கச்சி தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் மாறியது நேரம் மட்டும்தான். இரண்டாவது டின் ஒரு மணி நேரம் மேடையில் உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

ஆனால் தம்பி தன்னை அறியாமலேயே பதிலைச் சொல்லிவிட்டார். டின் அன்னாசி ஏன் கசப்பதில்லை? அது ஏற்கெனவே சூடு பட்ட பழம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கம் ரப்பர் கன்று நட்ட முதல் மூன்று நான்கு வருஷம், மரம் வளர்ந்து நிழல் கட்டும்வரை, வரிசைக்கு நடுவே அன்னாசி போடுவார்கள். அதனால் சீசனில் எங்களுக்கும் உங்கள் கதிதான். நான் வீட்டிலிருந்தே பிரெட், கேக் செய்து பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன், அன்னாசியோடு பல வருஷப் பழக்கம். வேகாத அன்னாசியை நான் மாவில் விடுவதே இல்லை.

அன்னாசியில் புரோமலெய்ன் என்று ஒரு நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவது அதன் வேலை. பழம் அதிகம் தின்றால் நாக்கு அரிக்கிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. இறைச்சி மெத்தென்று ஆக அன்னாசிச் சாற்றில் ஊறவைப்பதும் இதை நம்பித்தான். இப்போது உங்கள் மாவைப் பாருங்கள். தயிரில் பால் புரதம் இருக்கிறது. புரோமலெய்ன் அதைத் துண்டு துண்டாக வெட்டும்போது வருகிற சின்னத் துண்டுகளில் பல கசக்கும். உங்கள் அடித்தொண்டையில் நின்றது அதுதான். வேகாத அன்னாசியைப் பாலோடு மிக்ஸியில் அடித்து உடனே குடித்தால் தெரியாது, அரை மணி நேரம் வைத்துக் குடித்துப் பாருங்கள், முகம் சுளிக்கும்.

அது தயிரோடு நிற்பதில்லை. மைதாவில் இருக்கும் பசைப்புரதம்தான் பிரெட்டைத் தூக்கி நிறுத்துவது. அதையும் இது தளர்த்தும். பிஸ்கட் மாவு இழுத்துக்கொள்ளாமல் மெல்லிசாக விரிய வேண்டும் என்று தொழிற்சாலைகளில் இதே வகை நொதிகளைத் தெரிந்தே சேர்ப்பதுண்டு. பிஸ்கட்டுக்கு அது நல்லது, பிரெட்டுக்குக் கேடு. கூடவே உங்கள் சோடா தயிரின் புளிப்பிலும் பழத்தின் புளிப்பிலும் பட்டு, கலந்த நிமிஷத்திலேயே நுரைத்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் அந்தக் காற்று முழுக்க வெளியே போயிற்று. தாங்கும் புரதமும் போய், தூக்கும் காற்றும் போனால் நடுவில் குழி விழாமல் என்ன செய்யும்?

முதல் டின் தப்பித்தது ஏன் என்றால் அது நேராகச் சூட்டுக்குப் போனது. 70, 80 டிகிரி சூடு ஏறினால் புரோமலெய்னின் கதை முடிந்தது. அதனால் அந்த பிரெட் இனி நாளைக்கு வைத்துத் தின்றாலும் கசக்காது. அடியில் இருந்த களிக்கோட்டுக்குக் காரணம் வேறு, அது தண்ணீர். அதற்கு வருகிறேன்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், செலவில்லாமல் சோதித்துப் பாருங்கள். இரண்டு கிண்ணத்தில் காய்ச்சி ஆறிய பால் இரண்டு இரண்டு ஸ்பூன் ஊற்றுங்கள். ஒன்றில் வேகாத அன்னாசியை நசுக்கிப் போடுங்கள். இன்னொன்றில் அதே அளவு அன்னாசியை ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்துப் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். இரண்டு கிண்ணத்திலும் பால் திரியலாம், அது புளிப்பினால், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். கசப்பு எதில் என்று மட்டும் பாருங்கள்.

இதே காரணத்தால்தான் ஜெலட்டின் ஜெல்லியில் வேகாத அன்னாசி போட்டால் உறையவே உறையாது. கடல்பாசி என்று விற்கிற சைனா கிராஸில் போட்டால் உறையும், ஏனென்றால் அதில் வெட்டுவதற்குப் புரதம் இல்லை. பண்டிகைக்கு ஜெல்லி செய்து உறையாமல் தவித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள்.

சரி, பிரெட்டுக்கு வருவோம். எட்டுக்கு நான்கு அங்குல டின் ஒன்றுக்கு என் கணக்கு இது.

தோலும் கண்ணும் எடுத்த அன்னாசி 400 கிராம். நடுத்தண்டை எறிய வேண்டாம், ஆனால் அதில்தான் நொதி அதிகம், நாரும் அதிகம், அதனால் அதைத் துருவிக்கொள்ளுங்கள். மற்றதைப் பொடியாக, துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக நறுக்குங்கள். மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் அடித்தால் சாறு தனியாகப் பிரிந்து அடியில் இறங்கும், உங்கள் களிக்கோடு அங்கேதான் பிறக்கிறது. நறுக்கியதை எவர்சில்வர் வாணலியில், இரும்புச் சட்டி வேண்டாம், புளிப்பு பட்டுக் கறுக்கும், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையோடு மிதமான தீயில் வையுங்கள். முதலில் சாறு விட்டுக் குளமாகும். மூடாதீர்கள். கால் மணி நேரத்தில் சாறு சுண்டி, கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் கோடு இரண்டு மூச்சு நேரம் மூடாமல் நிற்கும். அப்போது இறக்குங்கள். தராசில் வைத்தால் 200 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முழுக்க ஆறட்டும். சூட்டோடு போட்டால் தயிர் திரியும், சோடா அப்போதே பொங்கி அடங்கும்.

மைதா 190 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், எல்லாம் சேர்த்து இரண்டு தடவை சலித்துக்கொள்ளுங்கள். வேறு கிண்ணத்தில் கெட்டித் தயிர் 120 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், எண்ணெய் 75 மி.லி., பால் மூன்று மேசைக்கரண்டி. எண்ணெய்க்கு நான் தேங்காய் எண்ணெய்தான் விடுவேன். அன்னாசிக்கும் தேங்காய்க்கும் அப்படி ஒரு சேர்மானம். உங்கள் பக்கம் தேங்காய் எண்ணெயைச் சமையலில் பார்த்தாலே மூக்கைப் பொத்துவார்கள் என்று தெரியும், அப்படியென்றால் சூரியகாந்தி எண்ணெய் போதும். வாசனைக்கு ஒரே ஒரு கிராம்பு, பொடித்து. எங்கள் மாவட்டத்துக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அதனால் கொஞ்சம் கர்வத்தோடுதான் போடுகிறேன். இரண்டு கிராம்பு போட்டால் பிரெட் பல்வலி மருந்து மாதிரி ஆகிவிடும், கவனம். கடையில் விற்கிற அன்னாசி எசென்ஸும் மஞ்சள் கலரும் மட்டும் தயவுசெய்து வேண்டாம். நிஜப் பழம் கையில் இருக்கும்போது அதைப் போடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

ஈரக் கலவையில் அன்னாசியைப் போட்டுக் கலக்கி, அப்புறம் மாவைக் கொட்டி, மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் புரட்டுங்கள். அங்கங்கே சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும். மிருதுவாக வரவேண்டும் என்று அடித்துக்கொண்டே இருந்தால் பிரெட் ரப்பர் ஆகிவிடும், ரப்பர் ஊர்க்காரி சொல்கிறேன். மாவு ஊற்றும் பதத்தில் இருக்கக் கூடாது. கரண்டியைத் தூக்கினால் தொப்பென்று விழ வேண்டும்.

ஓடிஜியை 170 டிகிரியில் கால் மணி நேரம் முன்பே சூடேற்றிக் கீழ்த்தட்டில் வையுங்கள். முதல் முப்பத்தைந்து நிமிஷம் கீழ்க்கம்பி மட்டும், பிறகு இரண்டும். சின்ன ஓடிஜியில் மேல்கம்பி டின்னுக்கு மிக அருகில் இருக்கும். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள். மொத்தம் 50 முதல் 60 நிமிஷம். ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்கும்போது ஒரு இடத்தில் மட்டும் குத்தாதீர்கள், அன்னாசித் துண்டில் குத்தினால் எப்போதும் ஈரமாகத்தான் வரும். நடுவிலும், நடுவுக்கு இரண்டு விரல் தள்ளியும் குத்துங்கள். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் நடுவில் 95 டிகிரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், குச்சியே தேவையில்லை.

வெளியே எடுத்ததும் பத்து நிமிஷம் டின்னில், அப்புறம் கம்பித்தட்டில். டின்னிலேயே ஆறவிட்டால் ஆவி உள்ளேயே தண்ணீராகி அடிப்பக்கம் ஊறிவிடும். அதுவும் களிக்கோடுதான்.

ஈப்போ வாசி:

அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். மலேசியாவில் எங்கள் வீட்டில் தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நெனாஸ் தார்ட் என்கிற அன்னாசிப் பலகாரம் செய்வோம். உள்ளே வைக்கிற அன்னாசி ஜாமை மணிக்கணக்காகக் கிண்டுவோம். துருவி, முதலில் சாற்றை வடிகட்டி எடுத்துவிடுவோம், சக்கையை மட்டும் பட்டை, கிராம்பு போட்டு வேகவைத்து, தண்ணீர் வற்றிய பிறகுதான் சர்க்கரை. அங்கேதான் அக்காவோடு எனக்குச் சின்ன மாற்றுக்கருத்து. சர்க்கரையை ஆரம்பத்திலேயே போட்டால் அடிபிடிக்க ஆரம்பிக்கும், பழமும் சீக்கிரம் பழுப்பாகும். கடைசியில் போட்டால் மஞ்சள் நிறம் நிற்கும். வடித்த சாற்றைப் பிள்ளைகள் குடித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் பிரெட்டில் பாலுக்குப் பதிலாக விடலாம், ஆனால் கொதிக்கவைத்துவிட்டு.

இன்னொன்று, எந்த அன்னாசி என்பதும் முக்கியம். இங்கே ஜோசபின் வகை கிடைக்கும், மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி உருவாக்கியது, இனிப்பு தூக்கலாக இருக்கும். அதற்குச் சர்க்கரையைக் குறைக்காவிட்டால் பிரெட் வெல்லக்கட்டி ஆகிவிடும்.

குலசேகரம் அக்கா:

ஈப்போ தம்பியோ தங்கச்சியோ, சரியாகச் சொன்னீர்கள். தார்ட்டுக்கு மணிக்கணக்காகக் கிண்டும்போது சர்க்கரை கடைசியில்தான். பிரெட்டுக்குக் கால் மணி நேரச் சமாச்சாரம், அதனால் முதலிலேயே போடுகிறேன். சர்க்கரை பட்டால் பழம் சாற்றைச் சீக்கிரம் விடும், எனக்கு அந்த அவசரம் தேவை. சாற்றை வடித்து எடுப்பது எனக்குப் பிடிக்காது. வாசனை பாதி அதிலேயே போய்விடும், சுண்டவைத்தால் புளிப்பும் இனிப்பும் பிரெட்டுக்குள்ளேயே இருக்கும்.

வகை பற்றிச் சொன்னீர்களே, இங்கே முக்கியமாக இரண்டு. மொரீசியஸ் என்கிற சின்ன வகை, கண் ஆழமாக இருக்கும், சதை நல்ல மஞ்சள், வாசனை தூக்கும். கேரளத்து வாழக்குளம் அன்னாசி அதுதான், 2009இல் புவிசார் குறியீடு வாங்கியது. இன்னொன்று கியூ. பெரிசு, கண் மேலாக அகலமாக இருக்கும், சதை வெளுப்பு, சாறு கொள்ளை. தின்பதற்கும் டின்னில் அடைப்பதற்கும் கியூ நல்லது. பிரெட்டுக்கு மொரீசியஸ். கியூவாக இருந்தால் 400 கிராமுக்குப் பதில் 500 எடுத்து அதே 200க்குச் சுண்டவையுங்கள். தங்கச்சி, உங்கள் சாக்கில் இருப்பது எது என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மாங்கனிநகர்:

அக்கா, பால் சோதனை செய்தேன். வேகாத அன்னாசி போட்ட கிண்ணம் அதே கசப்பு, அச்சு அசல்! வேகவைத்தது வெறும் புளிப்பு இனிப்புத் திரிந்த பால். மாமியாரைக் கூப்பிட்டு இரண்டையும் நக்கவைத்தேன், அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஆனால் இப்போது நம்புகிறார்.

சாக்கில் இருப்பது கண் அகலமான பெரிய பழம்தான், கியூ போல.

இன்னும் சில சந்தேகம். கோதுமை மாவில் செய்யலாமா? பழத்தை வெட்டி ஃப்ரீசரில் போட்டுவைத்தால் அந்த நொதி செத்துவிடுமா? மற்ற பழங்களுக்கும் இப்படி வேகவைக்க வேண்டுமா? சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழ பிரெட் கேட்காமல் போனால் நன்றாக இருக்காது.

குலசேகரம் அக்கா:

ஃப்ரீசரில் வைத்தால் சாகாது, சும்மா இருக்கும். வெளியே எடுத்து இளகியதும் பழைய வேலையைத் தொடங்கிவிடும். வேகவைத்துச் சுண்டியதை 200 கிராம் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள், சாக்கு முழுக்கத் தீர்ந்துவிடும், மழைக்காலத்தில் எடுத்துச் செய்யலாம்.

கோதுமை மாவு பாதிக்குப் பாதி சேர்க்கலாம். தவிடு தண்ணீர் இழுக்கும், பால் இரண்டு ஸ்பூன் கூட்டுங்கள். முழுக்கக் கோதுமை என்றால் எனக்குப் பிடிக்காது, சப்பாத்தி வாடை அன்னாசியை அமுக்கிவிடும்.

பப்பாளியிலும் இதே மாதிரி நொதி, பப்பெய்ன். ஆனால் அது காயின் பாலில்தான் நிறைய, நன்றாகப் பழுத்ததில் குறைவு. இருந்தாலும் பப்பாளியை நான் பிரெட்டில் போடுவதில்லை, தண்ணீர் மட்டும் இருக்கும், வேகவைத்தால் வாசனையும் இல்லை. கிவிப் பழத்திலும் இப்படி ஒன்று உண்டு, அது விற்கிற விலைக்கு யார் பிரெட்டில் போடப்போகிறார்கள்?

மாம்பழத்தில் இந்தக் கசப்புத் தொல்லை கிடையாது. அங்கே தொல்லை வேறு. மாம்பழ வாசனை சூட்டில் ஓடிவிடும், பிரெட் மஞ்சளாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு தின்றால் என்ன பழம் என்று சொல்ல முடியாது. அதனால் நான் கூழைப் பாதியாகச் சுண்டவைத்துப் போடுவேன், நன்றாகப் பழுக்காத, கொஞ்சம் புளிப்பு இருக்கிற மாம்பழத் துண்டையும் கைப்பிடி சேர்ப்பேன். புளிப்பு இருந்தால்தான் மாம்பழம் என்று நாக்குக்கு ஞாபகம் வரும். மல்கோவாவையும் இமாம்பசந்தையும் அடுப்பில் வைக்கவே மனசு வராது, அதெல்லாம் கையில் பிடித்துத் தின்ன வேண்டிய பழம். செந்தூரா, பங்கனப்பள்ளி போதும்.

பலாப்பழத்துக்கு எங்கள் ஊர் ஆட்களிடம்தான் கேட்க வேண்டும்! வருக்கை என்கிற கெட்டி வகைச் சுளையை நறுக்கிப் போட்டால் பிரெட்டில் கட்டை மாதிரி கிடக்கும். கூழன் சக்கை, அதாவது குழைவான சுளை இருக்கிற பலாதான் சரி. கொட்டையை எடுத்துவிட்டு, கையால் பிசைந்து, நாரைச் சல்லடையில் வடித்து, வெல்லம் போட்டுத் தண்ணீர் வற்றக் கிண்டி வரட்டி வைத்திருந்தால் அதில் முக்கால் கப், சர்க்கரையை அரைவாசி குறைத்துப் போடுங்கள். அதற்குச் சுக்கும் ஏலக்காயும், கிராம்பு வேண்டாம். வரட்டியில் தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டதால் பால் அரைக் கப் வரை இழுக்கும், கரண்டியிலிருந்து விழும் பதத்தைப் பார்த்து விடுங்கள்.

வாழைப்பழம் உங்களுக்கே தெரியும். ரஸ்தாளியில் சிலநேரம் உள்ளே கட்டி இருக்கும், மசியாது. பூவன் புளிப்பும் இனிப்பும் சேர்ந்தது, சோடாவுக்கு நல்ல ஜோடி. கற்பூரவள்ளி தோல் கறுத்ததும் போட்டால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம். எங்கள் ஊர் மட்டிப்பழத்தை மட்டும் பிரெட்டில் போட்டுவிடாதீர்கள், அது கைக்குழந்தைக்குக் கொடுக்கிற பழம், கிடைப்பதே அருமை.

அடுப்படி ராஜா:

அக்கா, நான் டின் அன்னாசியோடு இருந்துகொள்கிறேன். ஆனால் அதையும் சுண்டவைக்க வேண்டுமா? என்னுடையதிலும் அந்த அடிக்கோடு வருகிறது, இதுவரை வெளியே சொல்லவில்லை.

குலசேகரம் அக்கா:

வேண்டும் தம்பி. அதில் நொதி இருக்காது, தண்ணீர் இருக்குமே. பாகை முழுக்க வடித்துவிட்டு, நறுக்கி, ஐந்து ஆறு நிமிஷம் வாணலியில் வதக்குங்கள். பாகில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் கூடச் சேர்க்க வேண்டாம். துண்டுகளை மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் இறங்காது என்று எல்லோரும் சொல்வார்கள். உலர்ந்த திராட்சைக்கு அது கொஞ்சம் உதவும், சாறு ஒழுகுகிற துண்டில் அந்த மைதா கஞ்சியாகி இன்னும் சீக்கிரம் இறங்கும்.

மாங்கனிநகர்:

ஒரே ஒரு கேள்வி, அப்புறம் தொல்லை பண்ணமாட்டேன். வேகவைத்த பழம் போட்டால் இனி இரண்டாவது டின் மேடையில் காத்திருக்கலாமா? வருகிற ஞாயிறு நாத்தனார் வீட்டுக்கும் சேர்த்து இரண்டு செய்ய வேண்டும், ஓடிஜி அதே ஓடிஜிதான்.

குலசேகரம் அக்கா:

கசக்காது. ஆனால் சோடா காத்திருக்காது, பேக்கிங் பவுடரில் ஈரம் பட்டதுமே பொங்குகிற முதல் பாதியும் காத்திருக்காது, இரண்டாவது கொஞ்சம் சப்பையாகத்தான் வரும். அதனால் மாவைக் கலந்து வைக்காதீர்கள். சலித்த மைதா, பவுடர், சோடா எல்லாம் இரண்டு கிண்ணத்தில் தனித்தனியாக அளந்து வைத்துவிடுங்கள். தயிர், எண்ணெய், சர்க்கரை, அன்னாசிக் கலவையும் இரண்டு பங்காக, ஒன்று மேடையில், இன்னொன்று ஃப்ரிட்ஜில். முதல் டின் வெளியே வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பு ஃப்ரிட்ஜில் இருப்பதை எடுத்து வெளியே வையுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் இருபது நிமிஷம் முன்பே எடுக்க வேண்டும், குளிரில் உறைந்து கட்டிகட்டியாக நிற்கும். முதல் டின்னை இறக்கிய கையோடு மைதாவைக் கொட்டிப் புரட்டி, டின்னில் விட்டு உள்ளே தள்ளுங்கள். ஓடிஜி அதற்குள் நல்ல சூட்டில் இருக்கும், இரண்டாவது ஐந்து நிமிஷம் முன்னதாகவே வெந்துவிடும், 45 நிமிஷத்திலேயே குத்திப் பாருங்கள்.

நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்றால் முந்தின நாளே செய்துவிடலாம். முழுக்க ஆறிய பிறகு தாளில் சுற்றிவைத்தால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். உங்கள் ஊர் வெயிலுக்கு வெளியே ஒரு நாள்தான், அதற்கு மேல் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜில் வைத்த துண்டை அப்படியே பரிமாறாமல் தோசைக்கல்லில் துளி நெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டிக் கொடுங்கள்.